பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர் ஆயில்: அளந்து மாற்றினால் வீட்டிலேயே மாற்றலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பத்து, பதினைந்து வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் கார்கள் நெல்லைப் பக்கம் இப்போது நிறையக் கைமாறுகின்றன. முட்டிவலி உள்ள பெரியவர்களும் புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களும் கிளட்ச் பெடல் இல்லாத வண்டியாகத் தேடி வாங்குகிறார்கள். வாங்கிய வாரமே ஒரு பேச்சு காதில் விழுந்துவிடுகிறது: "அண்ணாச்சி, அந்த கியர் ஆயிலை மட்டும் தொட்டுராதிய, பாக்ஸ் போயிரும்." இதை நம்பி மாற்ற வேண்டிய ஆயிலை மாற்றாமலே ஓட்டிப் பாழாக்கும் வண்டிகள்தான் அதிகம்.

இந்தப் பேச்சு வந்த வழி எளிது. உள்ளே கிளட்ச் பிளேட் தேய்ந்து வண்டி வழுக்கத் தொடங்கிய பிறகுதான் பலருக்கு ஆயில் நினைவு வருகிறது. மாற்றிய பத்தாம் நாள் கியர் பாக்ஸ் நின்றால் பழி புது ஆயில் மேல். தேய்ந்த பிளேட்டை எந்த ஆயிலும் வளர்க்காது. பழைய பாக்ஸில் மெஷின் வைத்து அழுத்தத்தோடு ஃபிளஷ் செய்வதும் கெடுதல். அடியில் படிந்த மண்டி கிளம்பி ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியின் மெல்லிய துளைகளில் போய் அடைக்கும். ஆனால் கியர் ஒழுங்காக விழுகிற வண்டியில், ஆயில் பழுப்பாகியிருந்தாலும் தீய்ந்த வாடை இல்லையென்றால், போல்ட்டைத் திறந்து தானாக வடிகிறதை வடியவிட்டு, வடிந்த அளவே ஊற்றுவதில் ஆபத்து இல்லை. ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, ராட்செட், நீளமான புனல் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் வண்டியில் இருப்பது எந்த வகைப் பாக்ஸ் என்று தெரிய வேண்டும். 2014-இல் மாருதி செலேரியோவோடு வந்த ஏ.எம்.டி. உண்மையில் கிளட்ச்சையும் கியரையும் கருவியே இயக்கும் மேனுவல் பாக்ஸ்தான்; அதற்கு ஆட்டோமேட்டிக்கின் சிவப்பு ஆயில் கிடையாது. ஹோண்டா சிட்டியிலேயே 2008-க்கு முந்தைய தலைமுறையில் சி.வி.டி. (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் பாக்ஸ்), அடுத்த தலைமுறையில் டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியே கடத்தும் உறுப்பு) உள்ள 5 கியர் பாக்ஸ். இரண்டுக்கும் ஆயில் வேறு வேறு. ஹூண்டாய் ஐ10-இன் 4 கியர் ஆட்டோமேட்டிக் கேட்பது எஸ்.பி.-3 என்ற ஆயில். ஹோண்டாவின் பழைய இசட்-1 ஆயிலுக்குப் பதிலாக இப்போது டி.டபிள்யூ.-1. கடையில் போய் "ஆட்டோமேட்டிக் ஆயில் ஒரு லிட்டர்" என்று கேட்டால் பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் சிவப்பு ஆயிலை எடுத்துத் தருகிறார்கள். நிறம் ஒன்றுதான், குணம் வேறு. பிளேட் பிடிக்கும் பிடிமானத்தை ஆயிலில் உள்ள மருந்துதான் தீர்மானிக்கிறது. மாறிப் போனால் 50, 60 கி.மீ. வேகத்தில், கரடுமுரடான ரோட்டில் போவது போல வண்டி நடுங்கும். சி.வி.டி.யில் ஊற்றினால் பெல்ட்டே வழுக்கிவிடும். கையேட்டில் உள்ள பெயரும் டப்பாவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

வடிப்பதற்கு முன் வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிவந்து, பாக்ஸின் அளவுக் குச்சியை எடுத்து ஆயிலின் அளவைப் பாருங்கள் (பார்க்கும் முறை கீழே). ஏற்கெனவே அரை லிட்டர் குறைந்திருந்தால், வடிந்ததை அளந்து அதே அளவு ஊற்றினாலும் அந்தக் குறை அப்படியே நிற்கும். பிறகு அரை மணி நேரம் ஆறவிடுங்கள். நம்மூர்ச் சித்திரை வெயிலில் ஓடிவந்த பாக்ஸ் ஆயில் கையைப் பொசுக்கிவிடும். கைப்பிரேக்கைப் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டில் நிறுத்திய பிறகுதான் அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் படுக்கக் கூடாது.

அடியில் இரண்டு போல்ட் தெரியும்: ஒன்று எஞ்சின் ஆயிலுக்கு, இன்னொன்று கியர் பாக்ஸுக்கு. தவறான போல்ட்டைக் கழற்றி எஞ்சின் ஆயிலை வடித்துவிட்டு, ஏற்கெனவே நிறைந்திருக்கும் பாக்ஸில் மேலும் மூன்று லிட்டர் ஊற்றுவது அடிக்கடி நடக்கிற விபத்து. அந்த நிலையில் வண்டியை எடுத்தால் எஞ்சினும் போச்சு, பாக்ஸும் போச்சு. போல்ட் எந்த உடம்பில் இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்து உறுதி செய்யுங்கள். பல ஹோண்டாக்களில் பாக்ஸ் போல்ட்டின் நடுவே சதுரக் குழி இருக்கும். 3/8 அங்குல ராட்செட் அதில் நேராக உட்காரும். அதைக் கழற்றும் முன், மேலே ஆயில் ஊற்றும் வழி திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வடித்து முடித்த பிறகு மேல்மூடி திறக்காமல் போனால் வண்டி அங்கேயே நிற்கும்.

சொட்டு நிற்க இருபது, முப்பது நிமிடம் ஆகும். போல்ட்டின் நுனிக் காந்தத்தைப் பாருங்கள். விரலில் தேய்த்தால் கண்மை மாதிரி வழவழவென்று சாம்பல் நிறப் பசை வந்தால் அது இயல்பான தேய்மானம். நகக்கணுவில் குத்தும் சீவல்கள் ஒட்டியிருந்தால் உள்ளே பல்லோ பேரிங்கோ உடைகிறது. அந்த வண்டிக்கு ஆயில் மாற்றம் மருந்து இல்லை. காந்தத்தை நூல் உதிராத துணியால் துடையுங்கள். பட்டறையில் கை துடைக்கும் நூல் வேஸ்ட் வேண்டாம். அதன் ஒரு நூல் போதும், சோலினாய்டு என்கிற மின்வால்வின் துளையை அடைக்க.

சிறிய கார்களில் இரண்டரை முதல் மூன்று லிட்டர் வடியும். வடிந்ததை ஆறிய பிறகு அளக்க வேண்டும். மூன்று லிட்டர் ஆயில் 80 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு இறங்கும்போது ஏறக்குறைய 100 மில்லி சுருங்கும். சூட்டில் அளந்து, புது ஆயிலை ஆறிய நிலையில் அந்த அளவு ஊற்றினால் அவ்வளவும் கூடுதலாகப் போய்விடும். போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். பாக்ஸின் உடம்பு அலுமினியம்; முழு பலத்தோடு முறுக்கினால் மரை போய்விடும். ஹோண்டாவில் 49 நியூட்டன் மீட்டர். மற்றவற்றுக்குக் கையேட்டைப் பார்த்து, முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள்.

ஊற்றி முடித்ததும் எஞ்சினைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலையிலும் நாலைந்து நொடி நிறுத்தி நகர்த்துங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடேற்றி, சமதளத்தில் குச்சியை எடுத்துப் பாருங்கள். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஹோண்டாவில் எஞ்சினை அணைத்த 60 முதல் 90 நொடிக்குள் பார்க்க வேண்டும். ஹூண்டாயில் எஞ்சின் ஓடும்போது, லீவர் 'என்' நிலையில். குச்சி உள்ள டொயோட்டாவில் எஞ்சின் ஓடும்போது, 'பி' நிலையில். ஒன்றின் முறையை இன்னொன்றுக்குச் செய்தால் அளவு பொய் சொல்லும். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும்; 'டி' போட்டதும் வண்டி யோசித்து யோசித்துக் கிளம்பும். கூடினால் சுழலும் பல்சக்கரம் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் நிற்காது, பிளேட் வழுக்கிச் சூடேறும், காற்றுக் குழாய் வழியே ஆயில் வெளியே கக்கும். குச்சியே இல்லாத பாக்ஸ் என்றால் வீட்டில் தொட வேண்டாம். அதில் அளவு பார்க்க ஆயிலின் வெப்பத்தை ஸ்கேனரில் படிக்க வேண்டும்.

ஒரு முறை வடித்தால் முழுவதும் மாறாது, டார்க் கன்வர்ட்டர் பாதியைப் பிடித்து வைத்திருக்கும். மொத்தம் 6 லிட்டர், வடிவது இரண்டரை லிட்டர் என்றால் முதல் முறையில் புதுசு 42 சதவீதம், இரண்டாம் முறையில் 66, மூன்றாம் முறையில் 80. ஐந்நூறு, ஆயிரம் கி.மீ. இடைவெளி விட்டு மூன்று தடவை செய்வது நல்லது. பிறகு 40,000 கி.மீ.க்கு ஒரு தடவை போதும். பாபநாசம், செங்கோட்டை மலைப்பாதைகளில் ஆள் நிறைய ஏற்றிப் போகிறவர்கள் அதையும் கொஞ்சம் முன்கூட்டியே செய்யலாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் முங்கிய கார்கள் சந்தையில் இல்லையென்று யாரும் உறுதி தர முடியாது. காற்றுக் குழாய் வழியே தண்ணீர் இறங்கிய பாக்ஸின் ஆயில் ரோஸ் மில்க் நிறத்தில் இருக்கும். பிளேட்டின் காகித உறையை ஒட்டியிருக்கும் பசை தண்ணீரில் பிரிந்துவிடும். வாங்குவதற்கு முன் குச்சியை எடுத்து ஒரு வெள்ளைக் காகிதத்தில் துடைத்துப் பாருங்கள். வெள்ளம் பார்க்காத வண்டியில் அந்த நிறம் தெரிந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் குழாய் ஓட்டை. அதைச் சரிசெய்யாமல் ஆயில் மாற்றுவது வீண் செலவு. தண்ணீரில் நின்ற ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது பம்ப் ஓடாது. உருளும் சக்கரத்தோடு சேர்ந்து பாக்ஸ் ஆயில் இல்லாமல் சுற்றும். ஓட்டும் சக்கரங்களைத் தூக்கி வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

வடித்த மூன்று லிட்டரை என்ன செய்வது என்பதில் நம்மூர் வழக்கம் மனதை வருத்துகிறது. கரையானுக்கு என்று வேலித்தூணில் பூசுகிறார்கள், மீதியைப் பாளையங்கால்வாயிலோ தெருச் சாக்கடையிலோ ஊற்றுகிறார்கள். கால்வாய்த் தண்ணீர் வயலுக்குத்தான் போகிறது. மூடியுள்ள கேனில் அடைத்து, கழிவு ஆயில் டிரம் வைத்திருக்கும் பட்டறையில் கொடுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். மாநகராட்சி மண்டலத்துக்கு ஓர் இடத்தில் இப்படி ஒரு டிரம் வைத்தால், வீட்டில் வேலை செய்கிறவர்களும் கொண்டுவந்து ஊற்றுவார்கள். ஆயில் விற்கும் கடைக்காரர்களும் வண்டியின் பெயரும் வருடமும் கேட்டு, பில்லில் ஆயிலின் பெயரை முழுதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் மூலம் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கார் பட்டறைத் தொழிலாளர்கள் சிலர்,
பேட்டை, திருநெல்வேலி.