உறுதியில் பெயர் இருந்தால் துரையாகிவிட முடியாது

ஆசிரியருக்கு,

டன்கெல்ட், ஹோலிரூட், பல்மோரல் என்று ஸ்கொட்லாந்து இடங்களின் பெயர்களைத் தோட்டங்களுக்குச் சூட்டிய நாடு நம்முடையது. இப்போது இங்கிருந்து போன பிள்ளைகள் கிளாஸ்கோவிலும் அபடீனிலும் தொடர்மாடி வீடு வாங்குகிறார்கள். வாங்கிய பின் ஹட்டனுக்கும் கண்டிக்கும் தொலைபேசியில் வரும் முறைப்பாடு ஒன்று உண்டு: "முகாமைக் கம்பனியின் பெயர் வீட்டு உறுதியிலேயே இருக்கிறதாம், நீக்க முடியாதாம்." லயத்து ஆட்கள் பெரிய துரையை நீக்கிய சரித்திரம் இங்கே இல்லை என்பதால் பெற்றோரும் அதை நம்பிவிடுகிறார்கள். நம்ப வேண்டியதில்லை.

அங்கே இந்த முகாமையாளரை ஃபெக்டர் என்பார்கள். கூரை, படிக்கட்டு, வடிகால் ஆகியவற்றைப் பராமரித்து, செலவைப் பங்குபோட்டு வீட்டுக்காரரிடம் அறவிடுபவர். அவரை நீக்க நினைப்பவர்கள் முதலில் ஸ்கொட்லாந்துக் காணிப் பதிவேட்டிலிருந்து தம் வீட்டுக்குரிய பத்திரத்தின் பிரதியை எடுக்க வேண்டும். ஏ, பி, சி, டி என்று நான்கு பிரிவுகள் இருக்கும். டி பிரிவில்தான் விஷயம்: ஃபெக்டரை யார் நியமிப்பது, கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னறிவித்தல், எத்தனை வாக்கு வேண்டும் எல்லாம் அங்கேதான். பலர் தம் பெயர் இருக்கும் பி பிரிவோடு வாசிப்பை நிறுத்திவிடுகிறார்கள்.

உறுதியில் இதுபற்றி ஒன்றும் சொல்லப்படாவிட்டால் வீடுகளின் சாதாரணப் பெரும்பான்மை போதும். உறுதி குறுக்கே நின்றாலும், 2003 ஆம் ஆண்டின் உரிமை நிபந்தனைகள் சட்டத்தின் 64 ஆம் பிரிவு கைகொடுக்கும். மூன்றில் இரண்டு பங்கு வீடுகளின் உரிமையாளர்கள் சேர்ந்தால் ஃபெக்டரை நீக்கி, வேறொருவரை நியமிக்கலாம். புதுக் கட்டடங்களில் மட்டும் ஒரு தடை உண்டு. கட்டியவர் நியமன உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அது கூடியது 5 ஆண்டு, முதியோர் காப்புக் குடியிருப்பில் 3 ஆண்டு. இந்தக் காலம், இந்த விதிகளை எழுதிய நிபந்தனை உறுதி பதிவான நாளிலிருந்து ஓடும். நீங்கள் வீடு வாங்கிய நாளுக்கு இதில் வேலையில்லை. கட்டியவர் கையில் ஒரு வீடும் இல்லாமல் 90 நாள் தொடர்ந்து கழிந்தாலும் அந்த உரிமை போய்விடும். நகரசபை தன் வாடகைக்காரருக்கு விற்ற வீடுகளுக்குக் கணக்கு வேறு.

பெரும்பாலும் பிழை வருவது எண்ணிக்கையில்தான். வீட்டுக்கு ஒரு வாக்கு, ஆளுக்கு ஒன்றல்ல. 8 வீடு உள்ள கட்டடத்தில் சாதாரணப் பெரும்பான்மை 5, மூன்றில் இரண்டு பங்கு 6. கூட்டத்துக்கு நான்கு வீட்டார் வந்து நால்வரும் கை தூக்கினாலும் அது தீர்மானமாகாது. எண்ணுவது கட்டடத்தின் எல்லா வீடுகளையும். பதில் போடாத வீடு எதிர்த்து வாக்களித்ததற்குச் சமம். ஆகவே பிள்ளையோடு கூட்டுரிமையாளராகப் பெயர் போட்டிருக்கும் ஹட்டன் பெற்றோரே, அங்கிருந்து வரும் வாக்குத்தாளை அலுமாரியில் வைக்காதீர்கள். எல்லாக் கூட்டுரிமையாளரும் ஒப்பமிட்டுத் திகதி போட்டு அனுப்பினால் பின்னர் வாதம் வராது.

உறுதி வேறு முறை சொல்லாத தொடர்மாடிகளில், 2004 ஆம் ஆண்டின் தொடர்மாடிகள் சட்டப்படி கூட்டத்துக்கு 48 மணித்தியால முன்னறிவித்தல் போதும். வெளிநாட்டில் இருப்பவர்களை நினைத்து இரண்டு வாரம் கொடுப்பதே புத்தி. முடிவை எல்லா உரிமையாளருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். எதிர்த்தவர் 28 நாட்களுக்குள் ஷெரிஃப் நீதிமன்றம் எனும் அங்குள்ள உள்ளூர் நீதிமன்றம் போகலாம். அதற்கப்பாலொரு திகதியில் நீக்கம் நடைமுறைக்கு வரட்டும். ஃபெக்டருக்கு அனுப்பும் கடிதத்தோடு எந்த வீடு எப்படி வாக்களித்தது என்ற பட்டியலையும் இணையுங்கள். அது இல்லாவிட்டால் "தீர்மானம் செல்லாது" என்று சொல்லிவிட்டு பில் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

கூட்டுக் காப்புறுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய ஃபெக்டர் எடுத்த காப்புறுதி அவரோடு போய்விடலாம். புதியவரின் காப்புறுதி அதே நாளில் தொடங்குகிறதா என்று பார்க்காமல் கடிதம் அனுப்பவே கூடாது. ஆரம்பத்தில் கட்டிய முற்பணத்தைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கேளுங்கள். இழுத்தடித்தால் 2011 ஆம் ஆண்டின் ஆதன ஃபெக்டர்கள் சட்டப்படி, முதலில் அவருக்கே எழுத்தில் முறையிட்டு, பிறகு வீடமைப்பு ஆதன நியாயசபைக்குப் போகலாம். நியாயசபை ஃபெக்டரை நீக்கித் தராது. நீக்கும் வேலை உரிமையாளருடையது.

இந்த விதிகளைக் கண்டித் தொடர்மாடிகளுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். இங்கே தொடர்மாடி உரிமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும்தான் செல்லும். உரிமையாளர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனமும் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையும்தான் நீங்கள் தட்ட வேண்டிய கதவுகள்.

இரு சட்ட எழுதுவினைஞர்கள்,
ஹட்டன்.