நடை பழகும் பிள்ளைகளுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு

மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மருந்து முடித்து வன்னிக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கு நடை பழக்க உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

இரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றும் வின்கிறிஸ்டின் என்ற மருந்து கால் நரம்புகளைத் தாக்கும். பாதத்தின் முன்பக்கத்தைத் தூக்க ஏலாமல் பிள்ளை பெருவிரலை நிலத்தில் இழுத்து இழுத்து நடக்கும். அதோடு கொடுக்கும் ஸ்டீரொயிட் மருந்து தொடை, இடுப்புத் தசைகளை மெலிய வைக்கும். நிலத்தில் இருந்தால், தொடையில் கையூன்றித்தான் எழும்பும். தானாகச் சரிவரும் என்று விட்டால் குதிநாண் இறுகிவிடும். பிறகு குதி நிலத்தில் படாது.

தச்சு ஐயா, முதல் நன்றி உங்களுக்கு. பிள்ளைகள் பிடித்து நடக்க நீங்கள் செய்த சட்டத்தில் வந்த பிழை நாங்கள் தந்த அளவில். 90 சென்ரிமீற்றர் உயரச் சட்டத்தில் ஆறு வயதுப் பிள்ளைகள் தோளை உயர்த்தித் தொங்கினார்கள், காலில் பாரமே இறங்கவில்லை. நீங்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் கழற்றிக் கொண்டுபோய், 45 முதல் 75 வரை ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒரு துளை போட்டுத் தந்தீர்கள். இப்போது அந்தந்தப் பிள்ளையின் இடுப்பு மூட்டுக்கு நேரே சட்டத்தைப் பூட்டுகிறோம். முழங்கை சற்றே மடிந்தபடி பிடிக்கிறார்கள். சிராய் ஒன்றுகூட இல்லாமல் தேய்த்திருந்தீர்கள். இரத்தத்தை உறைய வைக்கும் குருதிச் சிறுதட்டு குறைந்த பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய காரியம்!

சப்பாத்து தைக்கும் அண்ணைக்கும் நன்றி. கணுக்கால் தாங்கி போட்ட கால் வழமையான சப்பாத்துக்குள் போகாது. ஒரு அளவு பெரியதை எடுத்து, உள்தாளைக் கழற்றி, வாயை அகட்டி, வார் வைத்துத் தந்தீர்கள். தாங்கியைக் கழற்றி 20 நிமிடமாகியும் சிவப்பு மாறாவிட்டால் அந்த இடம் அழுத்துகிறது, எங்களிடம் கொண்டுவாருங்கள். உணர்வு மங்கிய கால், பிள்ளை நோவென்று சொல்லாது.

அம்மாமாரே, அம்மம்மாமாரே, முழங்காலை நீட்டிவைத்து, துவாயால் பாதத்தைத் தன்பக்கம் இழுத்து 30 விநாடி, மூன்று தரம், காலையும் மாலையும்: ஒரு நாள் தவறாமல் செய்வித்தீர்கள். வெட்டி வெட்டி இழுக்காமல் ஒரே பிடியில் பிடிக்கப் பழகியதும் நீங்கள்தான். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் பயிற்சி வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. தொடைமடிப்பில் நோவென்றாலும் நிறுத்துங்கள். ஸ்டீரொயிட்டால் தொடையெலும்பின் தலைக்கு இரத்தோட்டம் குறைந்திருக்கலாம், படம் எடுத்துப் பார்க்கும்வரை பாரம் ஏற்றக்கூடாது.

மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்னரே இந்தப் பிள்ளைகளை வெளியே விட்ட ஆசிரியர்களுக்கும், கிறவல் வீதியில் நிற்காமல் முற்றம்வரை வந்து ஏற்றிய ஓட்டோ அண்ணைமாருக்கும் நன்றி. பாதம் தூக்காத கால் சேற்றில் புதைந்தால் விழுகை நிச்சயம். வரும் மாரிக்கும் முற்றம்வரை வாருங்கள்.

அன்புடன்,
நடை பழக்கும் இயன்மருத்துவர்கள்,
கிளிநொச்சி