ஒரு நூலுக்கு ஐந்து படிகள்: கடலூர் மாவட்ட அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். கடலூருக்குத் தெற்கே, கடலோரக் கிராமம் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை நான். எட்டாம் வகுப்பில் நான்கு ஆண்டுகளாக நடத்திவரும் ஒரு செயலைப் பற்றியும், அதன்பொருட்டுத் தங்களிடம் கேட்க வேண்டியதைப் பற்றியும் இம்மடலை எழுதுகிறேன். நூலகப் பாடவேளையில் பிள்ளைகள் ஐந்து ஐந்து பேராக வட்டமாக அமர்ந்து, அனைவரும் முன்பே படித்து வந்த ஒரே நூலைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்வதுதான் அச்செயல். நான் கேட்பதும் பெரிதன்று. பள்ளிக்கு நூல் வாங்கும் வாய்ப்பு வரும்போது ஐம்பது தலைப்புகளில் ஒவ்வொரு படியாக வாங்காமல், பத்துத் தலைப்புகளில் ஐந்து ஐந்து படிகளாக வாங்க வேண்டுகிறேன்.

நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்குப் போய்வந்த நம் பள்ளிகளின் அலமாரிகளைத் திறந்து பார்த்தால், நல்ல நூல்கள் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் எந்த நூலும் ஒன்றுக்கு மேல் இராது. தலைப்புகளின் எண்ணிக்கை கூடினால்தான் நூலகம் வளர்ந்ததாகப் பதிவேட்டில் தெரியும் என்பதால் நாமும் அப்படியே வாங்கிப் பழகிவிட்டோம். தனியாகப் படிப்பதற்கு அது போதும். சேர்ந்து பேசுவதற்குப் போதாது. ஒரு படியை வைத்துக்கொண்டு நான் முதலாண்டில் செய்து பார்த்தேன். நன்றாக வாசிக்கும் பெண் ஒருத்தி உரக்கப் படித்தாள், மற்ற நால்வரும் கேட்டார்கள், பிறகு அவள் சொன்னதே கதையின் பொருளாயிற்று. நூல் யார் கையில் இருக்கிறதோ அவர் பேச்சுத்தான் எடுபடும், பெரியவர்களிடத்திலும்கூட.

மறு ஆண்டில், மீனவச் சிறுவன் ஒருவனைப் பற்றிய சிறு கதைநூலில் ஐந்து படிகள் என் செலவில் வாங்கினேன். கதையில் மே மாத விடுமுறையில் அச்சிறுவன் தந்தையுடன் படகில் ஏறி ஆழ்கடலுக்குப் போகிறான். குழுவில் இருந்த ஒரு மாணவன், தந்தை விசைப்படகில் வேலை செய்பவர், எடுத்த எடுப்பிலேயே "இது பொய்க்கதை" என்றான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போது எந்தப் படகு போகும் என்பது அவன் கேள்வி. பக்கத்தில் இருந்தவன் தடை விசைப்படகுக்குத்தானே, நாட்டுப்படகு போகலாமே என்றான். உடனே ஐந்து நூல்களும் திறக்கப்பட்டன. கதை முழுவதும் "படகு" என்றே இருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் இஞ்சின் சத்தம் வந்தது. ஆனால் இப்போது நாட்டுப்படகிலும் இஞ்சின் உண்டென்று அதுவும் தள்ளுபடியாயிற்று. முந்திரித் தோப்புக்காரர் வீட்டுப் பெண், கடலைப் பற்றி அதுவரை வாய் திறவாதவள், "இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் நடந்த கதையாக இருந்தால்?" என்று கேட்டாள். மற்றொருத்தி, தன் மாமா கேரளத்துக்குத் தொழிலுக்குப் போகிறவர், அங்கே தடை வேறு மாதத்தில் வரும் என்று சொன்னாள்.

அன்று நான் சொல்லித் தந்தது மிகக் குறைவு. தமிழ்நாட்டில் இத்தடை 2001இல் 45 நாளாகத் தொடங்கி 2017இல்தான் 61 நாளாயிற்று என்பதையும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்பதையும் மறுநாள் தெரிவித்தேன். அதற்குள் அவர்கள் அந்நூலை மூன்று முறை புரட்டியிருந்தார்கள். பாடநூலில் எந்தப் பக்கத்தையும் அவர்கள் தாமாக மூன்று முறை புரட்டி நான் பார்த்ததில்லை.

என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு எழுதிய அட்டை தந்தேன்: ஒருவர் கேள்வி கேட்க, ஒருவர் அருஞ்சொல் தேட, ஒருவர் படம் வரைய, ஒருவர் தம் வாழ்வோடு பொருத்திச் சொல்ல, ஒருவர் சுருக்கிக் கூற. முதல் இரண்டு வாரம் அது கைகொடுத்தது. பிறகு ஒவ்வொருவரும் தம் அட்டைக்குரியதை ஒப்பித்துவிட்டு அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். பேச்சு என்பதே இல்லை. வட்டமாக அமர்ந்து நூலைப் பற்றிப் பேசும் இம்முறையை அமெரிக்கப் பள்ளிகளில் பரவச் செய்தவர்களுள் ஒருவரான ஹார்வி டேனியல்ஸ், 1994இல் எழுதிய தம் நூலின் 2002ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில், இத்தகைய பொறுப்புத் தாள்கள் தற்காலிகத் துணையே என்றும் பல வகுப்புகளில் அவையே உரையாடலைச் சடங்காக்கிவிட்டன என்றும் எச்சரித்திருப்பதைப் பின்னர்தான் அறிந்தேன். இப்போது அட்டைகள் இல்லை. படித்து வரும்போது தமக்குப் புரியாத இடத்திலோ, ஒப்பாத இடத்திலோ ஒரு துண்டுத்தாளைச் செருகி வர வேண்டும் என்பது மட்டுமே விதி. பேச்சு அத்தாளிலிருந்து தொடங்கும்.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று தாங்கள் கேட்கக்கூடும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்காக 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு நிலைச் சிறு நூல்கள் இங்கே எனக்கு உதவின. ஒரே அமர்வில் முடிந்துவிடுவதால் அவர்களும் முழுக் கதையோடு வட்டத்துக்கு வர முடிகிறது. பெரிய நூலானால் முதல்நாள் மாலை ஒருவர் துணையுடன் இருவராகப் படிக்கச் செய்கிறேன்.

இதற்கு மதிப்பெண் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வகுப்புச் செயல்பாடுகளுக்கான வளரறி மதிப்பீடு (அ)வின் 20 மதிப்பெண்ணுக்குள் இதையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று உடன் பணியாற்றுவோர் நல்லெண்ணத்துடன் சொன்னதைக் கேட்டு ஒரு பருவம் சேர்த்தேன். அப்பருவத்தில் எல்லாக் குறிப்பேட்டிலும் ஒரே கருத்து, ஒரே எழுத்துப்பிழையுடன் இருந்தது. வட்டங்கள் கூடிய பாடவேளையில் வகுப்பிலிருந்து இரைச்சல் வரும் என்பதையும், அது ஆசிரியர் இல்லாத வகுப்பின் இரைச்சல் அன்று என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன். நான் குழுவில் உட்கார்ந்தால் ஐந்து முகங்களும் என் பக்கம் திரும்பிவிடுகின்றன. ஆகவே சன்னலோரம்தான் நிற்கிறேன்.

தாங்கள் நேரடியாகச் செய்யக்கூடியவை வேறு இரண்டு உண்டு. காலஅட்டவணையில் நூலகம் என்று எழுதப்பட்ட 40 நிமிடத்தைத் தேர்வு நெருங்கும்போது கணக்கிற்கோ அறிவியலுக்கோ கொடுத்துவிடாமல் காக்க வேண்டும். அடுத்து, இருப்புப் பதிவேடு. நூல் கிழிந்தால், தொலைந்தால் தாமே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்னும் அச்சத்தால்தான் நூலகப் பொறுப்பாசிரியர் பலரும் பீரோவைப் பூட்டியே வைக்கிறார்கள். ஐந்து பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் சென்று புரட்டிய நூல் கிழியத்தான் செய்யும். ஆண்டிறுதியில் அதைக் கழிவில் எழுதத் தாங்கள் தயங்காமல் கையொப்பமிட்டால், பூட்டு தானே திறக்கும்.

புதிதாக வாங்க இப்போது வழியில்லாத பள்ளிகளுக்கு ஒரு யோசனை. ஒரு குறுவளமையத்தைச் (அருகருகே உள்ள பள்ளிகளின் தொகுப்பு) சேர்ந்த ஐந்து பள்ளிகள் ஆளுக்கு இரண்டு தலைப்புகளில் ஐந்தைந்து படிகள் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு வரும்போது மாற்றிக்கொள்ளலாம். பத்து நூல்கள் எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றிவரும். எங்களிடம் இப்போது நான்கு தலைப்புகள் இருக்கின்றன. அவற்றுள் இரண்டைப் பொங்கல் விடுமுறைக்குப் பின் இரவல் தர எங்கள் தலைமையாசிரியர் இசைவு தந்துள்ளார். மீனவச் சிறுவன் கதையில் மட்டும் ஒரு படிக்கு மேலட்டை இல்லை, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தமிழாசிரியை ஒருவர்,
கடலூர் மாவட்டம்