ஒத்திப் பத்திரத்தில் அந்த ஒரு வரியைக் கேட்டு எழுதுங்கள்

சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து எழுதும் பத்திர எழுத்தர்களுக்கு வணக்கம்.

2015-இல் தங்கச்சி கல்யாணத்துக்காக அப்பா மதுரையில் எங்கள் வீட்டை 5 லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டார், அதாவது கடனைத் திருப்பிக் கொடுக்கும்வரை வீட்டைக் கடன் கொடுத்தவர் (ஒத்திக்காரர்) அனுபவத்தில் விட்டார். ஒத்திக்காரர் குடிவரவில்லை, கீழ் போர்ஷனை 5,500-க்கும் மாடியை 3,500-க்கும் உள்வாடகைக்கு விட்டார், அதைக் குறை சொல்லவில்லை. எட்டு வருஷம் கழித்து மீட்கப் போனோம். அதற்குள் அவர் வாங்கியிருந்த வாடகை 8,64,000. எங்கள் கடன் மட்டும் அதே 5 லட்சம், ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

காரணம் பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. 'பணத்துக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை.' எல்லா ஒத்திக்கும் இப்படித்தான் எழுதுவோம் என்று சொல்லி, கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு வந்திருந்த அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

ஆனால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று சட்டத்தில் இல்லையே! 1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவுப்படி வாடகையை வட்டிக்கு ஈடாகவும் வைக்கலாம், கடனில் கழிக்கவும் செய்யலாம், கொஞ்சம் வட்டிக்கு கொஞ்சம் அசலுக்கு என்றும் எழுதலாம். கழிப்பதாக எழுதினால் ஒத்திக்காரர் வரவு செலவுக் கணக்கு வைக்க வேண்டும், அது 76-ஆம் பிரிவு. வட்டிக்கு ஈடு என்று எழுதிவிட்டால் 77-ஆம் பிரிவு அந்தக் கணக்கையே கேட்க முடியாமல் செய்துவிடுகிறது.

நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் முதல் மாதம் 5,000. வரிக்கும் மராமத்துக்கும் 500 ஒதுக்கினாலும் 9,000 வாடகையில் 3,500 அசலில் கழியும், அப்புறம் மாதாமாதம் வட்டி குறைந்துகொண்டே வரும், 90 மாதத்தில் கடனே தீர்ந்திருக்கும். நாங்களோ 96-ஆவது மாதம் அம்மாவின் வளையலை அடகு வைத்து 5 லட்சத்தைப் புரட்டினோம்.

சில ஒத்திக்காரர்கள் கழிப்புக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சரி, அது இரண்டு பக்கத்தாரும் பேசி முடிக்க வேண்டியது. நீங்கள் கேட்டுவிடுங்கள். கையெழுத்துக்கு முன்னால் இரண்டு பக்கத்தாரையும் உட்காரவைத்து, வாடகை வட்டிக்கா, அசலுக்கா, அசலுக்கு என்றால் மாதம் எவ்வளவு என்று வாய்விட்டுக் கேட்டு, பதிலை அப்படியே பத்திரத்தில் எழுதுங்கள். பணம் அவசரமாக வேண்டும் என்று வந்து நிற்கிறவருக்கு அதைக் கேட்கத் தோன்றாது.