செயலாளரின் ஆண்டறிக்கை: உயர் மரக் கட்டடங்கள் பற்றிய ஆய்வு வட்டமும் ஏனைய பணிகளும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே,

நோர்வேயின் பேர்கன் நகரிலும் அயலிலும் கட்டடத் துறையில் பணிபுரியும் தமிழர்களின் ஒன்றியமாகிய எமது அமைப்பின் கடந்த ஆண்டுச் செயற்பாடுகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் சமர்ப்பிக்கின்றேன். பொங்கல் ஒன்றுகூடல் வழமைபோல் நடைபெற்றது. கோடைகால விளையாட்டுப் போட்டி, மழை காரணமாக மண்டபத்துக்குள் மாற்றப்பட்டது. வேலைத்தலப் பாதுகாப்பு வகுப்பு நடந்தேறியது. கூட்டக் குறிப்புகள் கோப்பில் உள்ளன; வேண்டுவோர் பார்வையிடலாம், இதுவரை எவரும் வேண்டவில்லை.

சென்ற பொதுக்கூட்டத்தில் முணுமுணுப்புகளுக்கிடையே அனுமதி பெற்ற உயர் மரக் கட்டட ஆய்வு வட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. "பெயின்ற் அடிக்கிறவனுக்கும் ஓடு பதிக்கிறவனுக்கும் இது எதற்கு?" என்று அன்று கேட்கப்பட்டது. அதற்கான பதில் எமது நகரிலேயே, புட்டெஃபியோர்டு கரையில், 14 மாடி உயரத்தில் நிற்கிறது. 2015இல் கட்டி முடிக்கப்பட்ட 'த்ரேயெ' கட்டடத்தின் 62 வீடுகளும் அந்த இடத்தில் சுவர் எழுப்பிக் கட்டப்பட்டவை அல்ல. எஸ்தோனியாவில் உள்ள தொழிற்சாலையொன்றில் உள்வேலைகளில் பெரும்பகுதி முடிக்கப்பட்ட மர மொடியூல்களாக, அதாவது அறையளவுப் பெட்டிகளாக வந்து, பாரந்தூக்கியால் ஏற்றி வைக்கப்பட்டவை. அவற்றின் உள்வேலையைச் செய்தவர்கள் பேர்கனில் சம்பளம் வாங்கவில்லை என்பதை அங்கத்தவர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். வேலைத்தலத்தில் எஞ்சியிருப்பது அடித்தளம், சட்டகம், இணைப்பு, மேலுறை ஆகியனவே. அவற்றைக் கற்றுக்கொள்ளாதவருக்கு நாளை அங்கு என்ன வேலை இருக்கும் என்பதுதான் இவ்வட்டத்தைத் தொடங்கும்போது என் முன் இருந்த கேள்வி.

கட்டடத்தின் அமைப்பை வட்டத்தில் விரிவாக ஆராய்ந்தோம். மொடியூல்கள் கீழிருந்து மேல்வரை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றப்பட்டிருப்பதாகவே பலர் எண்ணியிருந்தனர். உண்மையில், அலுமாரித் தட்டுகளில் பெட்டிகளை வைப்பதுபோல, நான்கு நான்கு மாடிகளாகவே அவை அடுக்கப்பட்டுள்ளன. 5ஆம், 10ஆம் மாடிகள் வலுவூட்டப்பட்ட தளங்களாக அமைந்து, தமக்கு மேலுள்ள நான்கு மாடிகளின் பாரத்தை வெளிப்புறத்திலுள்ள ஒட்டுமரச் (பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்த தடித்த மரம்) சட்டகத்துக்குக் கடத்துகின்றன. இத்தளங்களின் மேல் கொங்கிரீட் போடப்பட்டதற்குக் காற்றும் ஒரு காரணம்: மரம் பாரம் குறைந்தது என்பதால் உயரத்தில் ஆட்டம் உணரப்படும், அதைக் குறைக்கப் பாரம் தேவை. நோர்வேயின் புரூமுன்டால் நகரில் 2019இல் நிறைவுற்ற 85.4 மீற்றர் உயர 'மியோஸ்தோர்னெ' கோபுரத்தின் மேல்மாடிகளுக்கும் இதே காரணத்தினால் கொங்கிரீட் தளமே இடப்பட்டது. ஆகவே மரக் கட்டடம் வந்தால் கொங்கிரீட் வேலை அடியோடு போய்விடும் என்று அஞ்சியவர்கள் சற்று ஆறுதலடையலாம்.

தீயைப் பற்றிய அச்சம் இந்நகரில் புதிதன்று. 1702இலும் 1916இலும் பேர்கன் எரிந்தது. 1904இல் ஒலசுண்ட் நகர் எரிந்த பின்னர் நாட்டின் நகர்ப்பகுதிகளில் மர வீடுகளைத் தடுக்கும் சட்டமே வந்தது. ஆயினும் தடித்த மரம் தீயில் எப்படி நிற்கிறது என்பதை விளக்க, எமது தச்சு அங்கத்தவர் ஒருவர் தடித்த ஒட்டுமரத் துண்டொன்றை எரித்து, குறுக்கே வாளால் அறுத்து, கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். வெளியே விரல் பட்டால் கரி ஒட்டியது. அதற்குள் மெல்லிய பழுப்புக் கோடு. அதற்கும் உள்ளே புதுமரத்தின் மஞ்சள் நிறமும் பிசின் மணமும் அப்படியே இருந்தன. ஒட்டுமரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீற்றர் என்ற அளவில் கரியாகும் என்றே கணக்கிடப்படுகிறது. அதன்படி 90 நிமிடத்தில் போவது ஆறு சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகம், அந்த அளவைச் சேர்த்தே தூணின் தடிப்பைத் தீர்மானிக்கிறார்கள். இணைக்கும் உருக்குத் தகடுகளை மரத்தின் உள்ளே புதைப்பதும் இதற்காகவே, ஏனெனில் சூட்டில் முதலில் தளர்வது உருக்குத்தான்.

மூத்த அங்கத்தவர் ஒருவர் 2022 ஓகஸ்ற்றில் நோர்வேயில் இடிந்து வீழ்ந்த திரெத்தன் மரப்பாலத்தை நினைவூட்டினார். அது நியாயமான கேள்வி. 'த்ரேயெ'யின் சட்டகமும் பாலங்களில் கையாளப்படும் முறையைத் தழுவியதே. எனினும் அப்பாலத்தின் முறிவு மூலைவிட்டச் சட்டமொன்றின் இணைப்பில் தொடங்கியதாகவே விசாரணை கூறியது. ஆணியும் தகடும் சேருமிடத்தைக் கவனிக்கத் தெரிந்த கைகளுக்கு வேலை உண்டு என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது.

இவ்வளவையும் கேட்க வந்தவர்கள் யார் என்பதையும் பதிவுசெய்ய வேண்டியுள்ளது. பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை. கட்டடத்தைப் பார்வையிடச் சென்ற சனிக்கிழமை மழையில் குடைபிடித்துக் காத்திருந்த எமக்கு, வருவதாகச் சொன்னவர்களிடமிருந்து மன்னிப்புக் குறுஞ்செய்திகள் மாத்திரமே வந்தன. அன்று வராத சிலரே பின்னர் "வட்டம் நாலு பேருக்கானது" என்று விமர்சித்ததாக அறிகிறேன்.

நிதி நிலைமை திருப்திகரமானது என்று பொருளாளர் தெரிவித்துள்ளார். விரிவான கணக்கை அவர் சமர்ப்பிப்பார். மண்டப வாடகை கூடியது, சந்தா வரவு குறைந்தது. இரண்டாண்டுக்கு மேல் நிலுவை வைத்துள்ளோரின் பட்டியல் என்னிடம் உள்ளது. அதை இங்கு வாசிக்கும் எண்ணம் தற்போதைக்கு இல்லை. அப்பட்டியலில் உள்ள பலரும் பொங்கல் உணவுக்குக் குடும்பத்துடன் தவறாது வருகை தந்தமை மகிழ்ச்சிக்குரியது.

தலைவருக்கும், கணக்காய்வாளருக்கும், சமையலில் உதவிய தாய்மாருக்கும், ஒலிபெருக்கி தந்த அன்பருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் புரூமுன்டால் கோபுரத்தைப் பார்வையிடும் பயணமும், சுவீடனில் ஷெல்லெஃப்தியோ நகரின் 20 மாடி சாரா கலாசார மையத்தில் விடுதி அறைகள் மர மொடியூல்களாக அடுக்கப்பட்ட முறை பற்றிய உரையும் திட்டமிடப்பட்டுள்ளன. பேருந்து முற்பணத்தைத் தற்போதைய இருப்பிலிருந்து கட்ட இயலாது. செயலாளர் பொறுப்பை ஏற்க இளையவர் ஒருவர் முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்க ஆயத்தமாயுள்ளேன். கடந்த மூன்று பொதுக்கூட்டங்களிலும் இதையே கூறியுள்ளேன். எவரும் முன்வராவிடில் பயணத்தை நானே ஒழுங்குசெய்வேன். நிலுவை செலுத்தியவர்களுக்கு ஆசனத்தில் முன்னுரிமை வழங்கப்படும். பொருளாளர் இன்று தேநீர் மேசைக்கு அருகில், பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் அமர்ந்திருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்