மூன்றாம் மாடிக் கோடி அறைக்கு

அன்பு மகளுக்கு,

உன் விடுதி அறையைக் காட்டி நீ அனுப்பிய நான்கு படங்களும் வந்தன. உன் அம்மா அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். அவள் வேறு எதைக் கேட்பாள்! எனக்குச் சன்னல்தான் கண்ணில் பட்டது. அது தெரியும் மூன்று படங்களிலும் மூடியே இருக்கிறது.

புதுக் கட்டடத்தில் முதல் ஆளாகக் குடியேறுவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் புதிய பெயின்டும், ப்ளைவுட் அலமாரியை ஒட்டிய பசையும் பல வாரங்கள் வாயுக்களைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு கண்ணை எரிக்கும், தொண்டையை உறுத்தும். ஆகவே சன்னலைத் திறந்து வை. விடுமுறை முடிந்து திரும்பும் நாளில், குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீரைச் சற்று நேரம் ஓடவிட்டபின் பிடித்துக்கொள்.

நான் படித்த காலத்தில் கல்லூரிக்கு வெளியே ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன் என்பதும், கடைசிப் பேருந்தைப் பிடிப்பதற்காக நூலகத்தில் பாதிப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ஓடினேன் என்பதும் உனக்குச் சலித்துப்போன கதைகள். உனக்கோ வகுப்பு ஐந்து நிமிட நடை, ஒவ்வொரு தளத்திலும் சலவை எந்திரம், அட்டையைக் காட்டினால்தான் திறக்கும் வாசற்கதவு, நள்ளிரவுவரை விளக்கெரியும் பொதுப் படிப்பறை. என் மகள் இப்படி ஓரிடத்தில் படிக்கிறாள் என்று அலுவலகத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் படிப்பறையில் நீ ஒருநாளாவது உட்கார்ந்ததுண்டா? நேற்றும், 'நல்லா இருக்கேன்' என்று சொல்லி ஒரு நிமிடத்துக்குள் பேச்சை முடித்துவிட்டாய்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக வளாகத்தில், மணமான மாணவர்களுக்கென்று புதிதாகக் கட்டிய குடியிருப்பில் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் வேறு இருவரும் யார் யாருக்கு நண்பராகிறார்கள் என்று ஆராய்ந்து, 1950-இல் நூலாக வெளியிட்டதைப் பற்றி அண்மையில் படித்தேன். ஒரே தளத்தில் அடுத்தடுத்த கதவுகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 41 பேர் ஒருவரையொருவர் நெருங்கிய நண்பர் என்றார்களாம். இரு கோடிகளில் இருந்தவர்களில் 10 பேர்தான். நடுவில் இருந்த தூரம் நூறு அடிக்கும் குறைவே. மாடிப்படியின் அடியில் வசித்தவர்களுக்கு மேல்தளத்திலும் பழக்கம் ஏற்பட்டிருக்கிறது, ஏனெனில் ஏறுபவரும் இறங்குபவரும் அவர்கள் வாசலைக் கடந்தே போகவேண்டும். இதைப் படித்ததும் உன் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். படிக்கட்டிலிருந்து உன் அறைதான் கடைசி. அறைக்குள் ஒரே நாற்காலி. நான்கு படங்களில் ஒன்றிலும் இன்னொருவர் நிழல்கூட இல்லை.

சன்னலைத் திறந்து வை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது பெயின்ட் வாசனைக்காக மட்டுமல்ல என்று உனக்குப் புரிந்திருக்கும். மாலையில் அரைமணி நேரமாவது அறைக்கதவையும் திறந்து வை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். பொதுத்தேர்வு ஆண்டில் உன்னைத் தேடி வந்த பிள்ளைகளிடம், 'அவள் படிக்கிறாள், பிறகு வாருங்கள்' என்று வாசலிலேயே நின்று சொல்லி அனுப்பியவன் நான்தான். மூன்றாவது முறைக்குப் பிறகு அவர்கள் வரவேயில்லை. நீயும் ஏனென்று கேட்கவில்லை. நீ கேட்காததைப் பொறுப்பு வந்துவிட்டதன் அடையாளம் என்று எண்ணிப் பெருமைப்பட்டேன். விடுதிப் படிவத்திலும், நீ இருவர் அறை என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுத் தனி அறை என்று எழுதியது நான்தானே. கவனம் சிதறக்கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான். அன்று நீ ஒன்றும் பேசாமல் பேனாவை மூடி வைத்ததை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

பருவம் முடிந்ததும் காலியாகும் இருவர் அறைக்கு மாற இடம் கொடுப்பார்களா என்று காப்பாளரிடம் கேட்டுப் பார். மாற விரும்பினால் படிவத்தை அனுப்பு. இந்த முறை கையொப்பம் மட்டும் போட்டு அனுப்புகிறேன்.

அம்மா பூட்டு ஒன்று அனுப்பியிருக்கிறாள். சன்னலை மறந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா