கிணற்றுப் பங்கை ஒரு வரியில் முடிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நிலம் வாங்குகிறவர்களுக்கு யோசனை சொல்லும் கட்டுரைகளில் பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாம் வந்துவிடுகின்றன. கிணறு மட்டும் விடுபட்டுப்போகிறது. தோட்டக்கால் பூமிக்கு மதிப்பே கிணற்றால்தான். ஆனாலும் கிரயப் பத்திரத்திலும் பாகப்பிரிவினையிலும் ‘மேற்படி கிணற்றில் 3-இல் 1 பங்கு பாத்தியமும்’ என்ற ஒரே வரியோடு அதை முடித்துவிடுகிறார்கள். பின்னால் வழக்கு முளைப்பது அந்த வரியில்தான்.

அந்த வரியில் பங்கு இருக்கிறது. தண்ணீர் வயலுக்கு வந்து சேர வழி இல்லை. வாய்க்கால் யார் நிலத்தில் போகிறது, குழாய் பதிக்கலாமா, மோட்டார் காயில் எரிந்தால் யார் கொடுப்பது, மின் இணைப்பு யார் பெயரில் என்று எதுவும் இல்லை. அண்ணன் தம்பிகள் இருக்கும்வரை மாமூலில் ஓடும். ஒருவர் வெளியாளுக்கு விற்ற மறுநாளே ‘வாய்க்கால் என் பட்டாவில் இருக்கிறது’ என்று மண்ணைத் தள்ளி மூடுவார்கள். பிறர் நிலத்தின் வழியாக நடக்கவும் தண்ணீர் கொண்டுபோகவும் உள்ள உரிமைகளைச் சொல்லும் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில், நிலம் பிரியும்போது தவிர்க்க முடியாத வசதிகளைப் பற்றிய 13-ஆம் பிரிவைக் காட்டி வாதாடலாம்தான். ஆனால் தீர்ப்பு வரும்வரை பயிர் காத்திருக்குமா?

இதைவிடப் பெரிய ஓட்டை சொத்து விவரத்தில் இருக்கிறது. வாங்கும் நிலம் சர்வே எண் 84/5, கிணறு இருப்பது 84/2 என்று வையுங்கள். சொத்து விவரத்தில் 84/5 மட்டும் தனி அயிட்டமாக வந்து, கிணறு வாசகத்துக்குள் மட்டும் சொல்லப்பட்டிருந்தால், பதிவு அலுவலகத்தின் சர்வே எண் அட்டவணையில் 84/2 ஏறாமல் போய்விடும். நாளைக்கு 84/2-ஐ வாங்க வருகிறவர் அந்த எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் உங்கள் பங்கு தெரியாது. ஆகவே கிணற்றை அதன் சர்வே எண்ணோடு இரண்டாவது அயிட்டமாக எழுதச் சொல்லுங்கள். உட்பிரிவு ஆகியிருந்தால், கிணறு 2ஏ-யில் விழுகிறதா 2பி-யில் விழுகிறதா என்று புலப்படத்தை (நில அளவை வரைபடத்தை) வைத்து நேரில் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.

வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: ‘சர்வே எண் 84/2-இல் உள்ள கிணற்றிலும், அதிலுள்ள 5 எச்.பி. மோட்டார், மின் இணைப்பிலும் பொதுவில் 3-இல் 1 பங்கும், மூன்று நாளுக்கு ஒரு முறை காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை இறைத்துக்கொள்ளும் உரிமையும், கிணற்றிலிருந்து வடக்கே 4 அடி அகலத் தடத்தில் வாய்க்கால் அல்லது குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுபோகவும், பழுது பார்க்கப் போய்வரவும் உள்ள உரிமையும்.’ முழு நாளாக முறை வைப்பதற்குக் காரணம் உண்டு. மும்முனை மின்சாரம் வரும் நேரம் மாறக்கூடியது. மணிக்கணக்கில் முறை பிரித்தால் ஒருவர் முறையில் மட்டும் கரண்ட் இல்லாமல் போகும். தூர் வாருவது, ஆழப்படுத்துவது, மோட்டார் பழுது ஆகிய செலவுகள் பங்குப்படியா, பாசனப் பரப்புப்படியா என்பதையும், பணம் தராதவர் முறை என்னாகும் என்பதையும் சேர்த்து எழுதிவிட வேண்டும்.

அடுத்தது ஆழ்துளைக் கிணறு. பங்காளி தன் சொந்த நிலத்தில், பொதுக் கிணற்றுக்கு 50 அடி தள்ளி போர் போட்டுக் கிணற்றை வற்ற வைத்தால் என்ன செய்வது? வரையறுத்த கால்வாயாக ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்வது நில உரிமையாளரின் இயல்பான உரிமை என்கிறது அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு. எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் அப்படிப்பட்ட நீரில் நமக்கு அனுபவ பாத்தியம் வராது என்கிறது 17-ஆம் பிரிவு. ஆகவே இன்ன தூரத்துக்குள் போர் போடுவதில்லை, கிணற்றுக்குள் சைடு போர் (பக்கவாட்டுத் துளை) போட எல்லோர் சம்மதமும் வேண்டும் என்று பதிவுப் பத்திரத்திலேயே கட்டுப்பாடு எழுதிக்கொள்வதுதான் வழி. பதிவான கட்டுப்பாடு பின்னால் வாங்குகிறவரைக் கட்டுப்படுத்த சொத்து மாற்றுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இடம் தருகிறது.

பக்கத்துக் காட்டுக்காரருக்கு இரக்கப்பட்டுத் தண்ணீர் விடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். அனுமதியால் எடுப்பது வெறும் உரிமம். தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமை என்று சொல்லி 20 ஆண்டு எடுத்தால் 15-ஆம் பிரிவின்படி அது அனுபவ பாத்தியம் ஆகிவிடலாம். ‘உங்கள் அனுமதியின்பேரில் எடுத்துக்கொள்கிறேன்’ என்று ஒரு கடிதம் வாங்கி வைத்தால் போதும். மனத்தாங்கல் வேண்டியதில்லை.

குத்தகைக்கு விடும்போதும் கிணறு தனிப் பத்தியாக வர வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பதியாத முத்திரைத்தாள் கோர்ட்டில் நிற்காது. அதே சமயம், பத்திரம் இல்லை என்பதற்காகத் தன் உடலுழைப்பால் பயிர் செய்யும் குத்தகைதாரரை இறக்கிவிட முடியாது. 1955-ஆம் ஆண்டு சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் துணை நிற்கும். குத்தகைதாரர் தன் பணத்தில் போர் போட்டால் துளை சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் குழாய் பூமிக்குள்ளேயே இருந்துவிடும், மோட்டாரையும் மேல்குழாயையும்தான் எடுத்துப்போக முடியும். போட்ட செலவு குத்தகையில் கழியுமா, எத்தனை ஆண்டில் என்பதை போர் வண்டி வருவதற்கு முன்பே எழுதுங்கள். வீட்டு வாடகையில் விஷயம் எளிது: வாடகை பாக்கி என்றாலும் கிணற்று மோட்டாரை நிறுத்தித் தண்ணீரைத் தடுக்க 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அனுமதிக்கவில்லை.

ஏற்கெனவே ஒற்றை வரியில் பத்திரம் வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்? பங்குதாரர்கள் எல்லோரும் உயிரோடும் ஒற்றுமையோடும் இருக்கும்போதே, மேலே சொன்னவற்றைச் சேர்த்து ஓர் உடன்படிக்கை எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, கிணறு உள்ள சர்வே எண்ணையும் பயன்பெறும் சர்வே எண்களையும் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒருவர் இறந்தால் அவருடைய வாரிசுகள் அத்தனை பேரின் கையெழுத்தையும் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
பத்திரம் எழுதும் தொழிலில் உள்ள வாசகர்